சோற்றுக்கும் ஒரு படிப்பு

"சோறு திங்கறதுக்குக்கூடவா ஒரு படிப்பு?"

லேக் கார்டன்ஸில் எங்கள் தமிழ் வகுப்புக்கு ஓர் அக்கா வருகிறார். அவருடைய வீட்டுக்காரர் கேட்ட கேள்வி இது. அவர்களுடைய மகள் பன்னிரண்டாம் வகுப்பு படித்தாள். "நான் டயட்டீஷியன் படிப்புப் படிக்கப் போகிறேன்" என்று அவள் சொன்னாள். அதற்குத்தான் அப்பா அப்படிக் கேட்டார்.

அவர் கேட்டதில் தவறில்லை. நானும் பன்னிரண்டாம் வகுப்பு வரைதான் படித்தவள். இந்தப் படிப்பைப் பற்றி எனக்கும் அதற்கு முன் எதுவும் தெரியாது. ஓர் ஆண்டுக்குள் நிறையத் தெரிந்துகொண்டேன். அதைத்தான் இங்கே உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

அக்கா மயங்கி விழுந்தார்

அந்த அக்கா ஓர் அலுவலகக் கட்டடத்தில் துப்புரவு வேலை செய்கிறார். விடியற்காலை நாலரை மணிக்கு எழுவார். ஐந்து பேருக்குச் சமைப்பார். வெறும் டீயைக் குடித்துவிட்டு ஓடுவார். இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போக வேண்டும்.

ஒரு நாள் மாடிப்படியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மயங்கி விழுந்துவிட்டார். கூட இருந்தவர்கள் முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். மேற்பார்வையாளர் அரை நாள் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு அனுப்பினார்.

மறுநாள் ஓர் அரசு மருத்துவமனைக்குப் போனோம். அக்கா, அவர் மகள், நான், மூன்று பேரும் போனோம். டாக்டர் இரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார். ஹீமோகுளோபின் 8 என்று வந்தது. பெண்களுக்கு அது 12க்குக் குறையக் கூடாது. டாக்டர் மாத்திரை எழுதினார். பிறகு, "அந்த அறையில் டயட்டீஷியன் இருக்கிறார், அவரையும் பாருங்கள்" என்றார்.

டயட்டீஷியன் என்றால் யார்? தமிழில் உணவியல் நிபுணர் என்று சொல்லலாம். எந்த உடம்புக்கு, எந்த நோய்க்கு, எந்த உணவு, எவ்வளவு, எப்போது என்று கணக்குப் பார்த்துச் சொல்பவர்.

அந்த அறையில் ஒரு தீதி இருந்தார். அக்காவை உட்காரச் சொன்னார். "நேற்றுக் காலை எழுந்ததிலிருந்து இரவு தூங்கும் வரை வாயில் போட்டது எல்லாம் சொல்லுங்கள்" என்று வங்காளத்தில் கேட்டார். அக்காவுக்குச் சொல்லத் தெரியவில்லை. "ஏதோ சாப்பிட்டேன்" என்றார்.

தீதி சிரித்தார். "ஒரு வாரம் எழுதிக்கொண்டு வாருங்கள். எந்த மொழியில் எழுதினாலும் சரி" என்றார்.

அக்கா என்னைப் பார்த்தார். அவர் எழுத்துக் கற்று ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

ஏழு நாள் நோட்டு

அந்த வாரம் எங்கள் வகுப்பில் அதுதான் வீட்டுப்பாடம். அக்கா ஏழு நாளும் எழுதினார். பெயரையும் முகவரியையும் தவிர அவர் சொந்தமாக எழுதிய முதல் எழுத்து அதுதான்.

ஒரு நாள் இப்படி இருந்தது:

"காலை டீ. 11 மணி டீ பிஸ்கட் 2. 3 மணி சோறு உருளைக்கிழங்கு. 6 மணி பொரி டீ. ராத்திரி மீதி இல்லை."

"ராத்திரி மீதி இல்லை" என்ற வரி ஏழு நாளில் மூன்று நாள் இருந்தது. மகள் அதைப் படித்தாள். ஒன்றும் பேசவில்லை. அம்மா இரவில் சாப்பிடுவதில்லை என்பது அதே வீட்டில் இருக்கும் அவளுக்கே அன்றுதான் தெரிந்தது.

மருத்துவமனையில் மகள்தான் நோட்டை வங்காளத்தில் படித்துச் சொன்னாள். தீதி ஒவ்வொரு வரியாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு சொன்னார்:

"மாத்திரையை டீயோடு போடாதீர்கள். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ வேண்டாம். டீயில் உள்ள ஒரு பொருள் இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. சோற்றில் ஓர் எலுமிச்சைத் துண்டைப் பிழிந்துகொள்ளுங்கள். அது இரும்புச் சத்தை உடம்பில் சேர்க்கும். முருங்கைக்கீரை, தண்டுக்கீரை, பயறு, கொண்டைக்கடலை, முடிந்தால் முட்டை, சின்ன மீன். காலையில் வெறும் வயிற்றோடு கிளம்பாதீர்கள். சத்து மாவையாவது கரைத்துக் குடியுங்கள்."

சத்து என்று கல்கத்தாவில் சொல்வது வறுத்த கடலை மாவு. விலை குறைவு, புரதம் அதிகம்.

அக்காவுக்கு மட்டும் வந்த கஷ்டம் இல்லை இது. 2019–21இல் நாடு முழுவதும் குடும்ப நலக் கணக்கெடுப்பு நடந்தது. 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100க்கு 57 பேருக்கு இரத்தசோகை இருந்தது. மேற்கு வங்காளத்தில் 100க்கு 71 பேருக்கு இருந்தது.

குன்னூரில் ஒரே ஓர் அறை

உணவைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் வேலை நம் நாட்டில் எங்கே தொடங்கியது தெரியுமா? நீலகிரி மலையில், குன்னூரில் தொடங்கியது.

அந்தக் காலத்தில் பெரிபெரி என்று ஒரு நோய் இருந்தது. கால் மரத்துப்போகும். வீங்கும். நெஞ்சு படபடக்கும். பலர் இறந்தார்கள். 1918இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஒரே ஓர் அறையில் இந்த நோயை ஆராயத் தொடங்கினார்கள். தொடங்கியவர் ராபர்ட் மெக்கரிசன் என்ற டாக்டர்.

பெரிபெரிக்குக் காரணம் ஒரு கிருமி இல்லை. அரிசியை வெள்ளை வெளேர் என்று தீட்டுவதுதான் காரணம். தவிட்டோடு பி1 என்ற வைட்டமின் போய்விடுகிறது. தீட்டிய அரிசியை மட்டுமே நம்பிச் சாப்பிட்டவர்களுக்கு அந்த நோய் வந்தது. நெல்லை அவித்துக் காயவைத்துக் குத்தினால் அந்தச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடும். அதுதான் நம் புழுங்கல் அரிசி. வங்காளிகள் அதைச் சித்த சால் என்கிறார்கள். நம் பாட்டிமார் வைட்டமின் பெயர் தெரியாமலே அதைக் காப்பாற்றினார்கள்.

மெக்கரிசன் இன்னொன்றும் செய்தார். இந்தியாவின் பல பகுதி மக்கள் சாப்பிடும் உணவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். முழுக் கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி தின்ற எலிகள் நன்றாக வளர்ந்தன. தீட்டிய அரிசியும் கொஞ்சம் காயும் தின்ற எலிகள் நோஞ்சானாக இருந்தன. சாப்பாடு மாறினால் உடம்பும் மாறுகிறது என்று கண்ணால் பார்க்க முடிந்தது.

அந்த ஒற்றை அறை பெரிய ஆய்வுக்கூடமாக வளர்ந்தது. 1958இல் ஹைதராபாத்துக்குப் போனது. இன்று அதன் பெயர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். அதன் இயக்குநராக இருந்தவர் டாக்டர் சி. கோபாலன். அவர் சேலத்தில் 1918இல் பிறந்தவர். எந்த இந்திய உணவில் எவ்வளவு சத்து இருக்கிறது என்று மற்ற அறிஞர்களோடு சேர்ந்து பட்டியல் போட்டுப் புத்தகமாக்கினார். பல ஆண்டுகள் டயட்டீஷியன்களின் கையில் அந்தப் புத்தகம் இருந்தது. அவர் 2019இல், நூறு வயதில் காலமானார்.

இன்னொருவர் ராஜம்மாள் தேவதாஸ். 1919இல் பிறந்தவர். பெண்கள் அதிகம் படிக்காத காலத்தில் அமெரிக்கா சென்று ஊட்டச்சத்து படித்து வந்தார். கோயம்புத்தூரில் அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரியை வளர்த்தார். அது பல்கலைக்கழகம் ஆனபோது துணைவேந்தராக இருந்தார். 1992இல் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது கொடுத்தது. அங்கே படித்த எத்தனையோ பெண்கள் மருத்துவமனைகளிலும் பள்ளிகளிலும் வேலைக்குப் போனார்கள்.

ஆக, சோற்றுக்கும் ஒரு படிப்பு உண்டு. நூறு ஆண்டுக்கு மேலாக உண்டு.

என்ன படிக்க வேண்டும்?

வழியைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் பாடம். வேதியியலும் உயிரியலும் இருந்தால் நல்லது.

இரண்டாம் படி: கல்லூரியில் ஊட்டச்சத்து அல்லது மனையியல் பட்டப்படிப்பு. மூன்று அல்லது நான்கு ஆண்டு. கல்கத்தாவில் ஜே.டி. பிர்லா கல்லூரியில் இருக்கிறது. அலிப்பூரில் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் மனையியல் துறை இருக்கிறது. தமிழ்நாட்டில் பல கல்லூரிகளில் இருக்கிறது.

மூன்றாம் படி: நோய்க்கு ஏற்ற உணவைப் பற்றி மேல்படிப்பு. முதுகலைப் பட்டம் படிக்கலாம். அல்லது பட்டத்துக்குப் பிறகு ஒரு டிப்ளமோ படிக்கலாம். கல்கத்தாவில் சித்தரஞ்சன் அவென்யூவில் அகில இந்தியச் சுகாதார, பொதுநல நிறுவனம் 1932 முதல் இருக்கிறது. இந்த டிப்ளமோவைப் பல ஆண்டுகளாகக் கற்றுத் தந்த இடம் அது.

நான்காம் படி: மருத்துவமனையில் ஆறு மாதம் பயிற்சி. அதற்குப் பிறகு இந்திய உணவியலாளர் சங்கம் நடத்தும் தேர்வு எழுதலாம். தேறினால் பதிவு பெற்ற டயட்டீஷியன்.

2021இல் மருத்துவத் துணைத் தொழில்களுக்கு என்று நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. உணவியல் வேலையும் அதில் சேர்ந்திருக்கிறது. நாலு வாரம் எங்கோ பயிற்சி எடுத்துவிட்டு "நானும் நிபுணர்" என்று பெயர்ப்பலகை மாட்டுபவர்கள் இருக்கிறார்கள். படித்தவர் யார், படிக்காதவர் யார் என்று மக்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மருத்துவமனையிலிருந்து வேலைத்தலத்துக்கு

டயட்டீஷியன் முதலில் வேலைக்குப் போவது பெரும்பாலும் மருத்துவமனைக்குத்தான். சர்க்கரை நோயாளிக்கு ஒரு சாப்பாடு. சிறுநீரகம் கெட்டவருக்கு வேறு சாப்பாடு. பிரசவித்த தாய்க்கு வேறு.

ஆனால் மருத்துவமனைக்கு வருபவர்கள் நோய் வந்த பிறகு வருகிறார்கள். நோய் வரும் முன்பு அவர்கள் எங்கே இருந்தார்கள்? பகலில் பாதி நேரம் வேலை செய்யும் இடத்தில்தான். அதனால் சில டயட்டீஷியன்கள் ஆலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் போகத் தொடங்கினார்கள். தொழிலாளர் நலம் என்று ஒரு தனி வேலையாகவே அது வளர்ந்திருக்கிறது.

ஆலையில் சாப்பாடு என்பது முதலாளி போடும் தருமம் இல்லை. சட்டம் தந்த உரிமை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தில் 250 பேருக்கு மேல் வேலை செய்தால் கேன்டீன் வேண்டும் என்று விதி போட்டார்கள். 2020இல் நாடாளுமன்றம் இயற்றிய புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அந்த எண்ணை 100 ஆக்கினார்கள். ஒப்பந்தத் தொழிலாளர்களும் அந்தக் கணக்கில் சேர்வார்கள்.

எங்கள் லேக் கார்டன்ஸிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் பிரின்ஸ் அன்வர் ஷா சாலை. அங்கே முன்பு உஷா தொழிற்சாலை இருந்தது. தையல் இயந்திரமும் மின்விசிறியும் செய்தார்கள். இன்று அந்த இடத்தில் உயர்ந்த அடுக்குமாடி வீடுகளும் சவுத் சிட்டி என்ற பெரிய அங்காடியும் நிற்கின்றன. வேலை மாறிவிட்டது. அன்று இரும்போடு மல்லுக்கட்டினார்கள். இன்று சிலர் நாள் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். சிலர் கடையில் நாள் முழுவதும் நின்றுகொண்டிருக்கிறார்கள். சிலர் இரவெல்லாம் விழித்திருக்கிறார்கள். ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு நோய் வருகிறது.

வேலைத்தலத்துக்கு வரும் டயட்டீஷியன் என்ன பார்ப்பார்?

கேன்டீனில் என்ன சமைக்கிறார்கள்? எண்ணெயும் உப்பும் எவ்வளவு? ஒருவருக்கு ஒரு நாளைக்கு உப்பு 5 கிராம் போதும். அது ஒரு சின்னக் கரண்டி அளவு.

சாப்பிட எவ்வளவு நேரம் விடுகிறார்கள்? பத்து நிமிடமா, அரை மணியா?

இரவு ஷிப்டில் இருப்பவர்களுக்குச் சூடான சாப்பாடு உண்டா? அல்லது டீயும் சமோசாவும்தானா?

குடிதண்ணீர் எங்கே இருக்கிறது? பெண்களுக்குக் கழிப்பறை எங்கே இருக்கிறது?

கழிப்பறைக்கும் சாப்பாட்டுக்கும் என்ன தொடர்பு என்று நினைக்கிறீர்களா? எங்கள் அக்காவைக் கேளுங்கள். அவர் துடைக்கும் மாடியில் கழிப்பறை இருக்கிறது. அவர்தான் அதைக் கழுவுகிறார். ஆனால் அதை அவர் உபயோகிக்கக் கூடாது. கீழே இறங்கிப் பின்பக்கம் போக வேண்டும். அதற்குப் பயந்து அவர் மாலை வரை தண்ணீர் குடிப்பதில்லை. தீதி கேட்ட பிறகுதான் இதையே சொன்னார்.

வயிறு பேசினால் மனமும் பேசும்

மூன்றாம் முறை மருத்துவமனைக்குப் போனோம். அக்காவின் உடம்பில் இரத்தம் கொஞ்சம் ஏறியிருந்தது. ஆனால் முகம் தெளியவில்லை. தீதி கேட்டார், "பசிக்கிறதா?"

"பசியே எடுக்கல."

"தூக்கம்?"

"ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துடுது. அப்புறம் மனசு கிடந்து அடிச்சுக்குது."

அதற்குப் பிறகு அக்கா தானாகப் பேசினார். வீட்டுக்காரருக்கு எட்டு மாதமாகச் சரியான வேலை இல்லை. வட்டிக்குக் கடன் வாங்கியிருக்கிறார்கள். மேற்பார்வையாளர் எல்லார் முன்னாலும் திட்டுகிறார். "செத்துப்போனா நிம்மதின்னு தோணுது" என்று சொல்லி அழுதார். மகள் மொழிபெயர்க்க முடியாமல் நின்றுவிட்டாள். நான் சொன்னேன்.

அந்தத் தீதி "அழாதீர்கள்" என்று சொல்லவில்லை. "தைரியமாக இருங்கள்" என்றும் சொல்லவில்லை. அழுது முடியும்வரை காத்திருந்தார். பிறகு எழுந்து, தானே கூட்டிக்கொண்டுபோய் மனநல டாக்டரிடம் விட்டார்.

வெளியே வந்ததும் அக்கா என் கையைப் பிடித்தார். "பாப்பா, என்னையப் பைத்தியம்னு சொல்லிட்டாங்களா?"

இல்லை. மனச்சோர்வு என்பது பைத்தியம் இல்லை. அது காய்ச்சல் போல ஒரு நோய். மருந்து உண்டு. ஆலோசனை உண்டு. குணமாகும்.

மூளையும் உடம்பின் ஓர் உறுப்புத்தான். நம் எடையில் 100இல் 2 பங்குதான் அது. ஆனால் நாம் சாப்பிடும் சாப்பாட்டின் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. பட்டினி கிடந்தால் மூளையும் பட்டினிதான். இரத்தசோகை இருந்தால் சோர்வும் எரிச்சலும் வரும். மனம் நொந்தால் முதலில் கெடுவது பசியும் தூக்கமும். சிலர் சாப்பிட மாட்டார்கள். சிலர் நிறுத்தாமல் சாப்பிடுவார்கள். "உனக்கு மனநோயா?" என்று கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். "என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்டால் எல்லாரும் பேசுவார்கள். அந்தப் பேச்சின் நடுவில் மனக்கஷ்டமும் வெளியே வரும். இதனால்தான் சில டயட்டீஷியன்கள் மனநலத்தையும் கற்றுக்கொள்கிறார்கள்.

ஆஸ்திரேலியாவில் ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2017இல் வெளிவந்தது. மனச்சோர்வு உள்ள 67 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவினர் 12 வாரத்தில் ஏழு முறை டயட்டீஷியனைப் பார்த்தார்கள். காய், பழம், பயறு, முழுத் தானியம், மீன், கொட்டைப் பருப்பு அதிகம் சாப்பிட்டார்கள். இனிப்பையும் பொரித்ததையும் குறைத்தார்கள். மற்றக் குழுவினருடன் ஆட்கள் வந்து நட்பாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். முடிவில் உணவு மாற்றியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு நீங்கியது. மற்றக் குழுவில் 100க்கு 8 பேருக்குத்தான் நீங்கியது.

ஆய்வில் இருந்தவர்கள் குறைவு. அதனால் உணவே போதும், மருந்து வேண்டாம் என்று யாரும் நினைக்கக் கூடாது. மருந்தோடு உணவும் கைகொடுக்கும். அவ்வளவுதான்.

எல்லை தெரிந்தவர்தான் நிபுணர்

டயட்டீஷியன் மனநோய்க்கு மருந்து எழுத முடியாது. எழுதவும் கூடாது. அது மனநல டாக்டரின் வேலை. ஆனால் மருந்து சாப்பிடுபவரைக் கவனிப்பதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. சில மனநல மருந்துகள் பசியைக் கூட்டும். எடை ஏறும். எடை ஏறுகிறதே என்று மருந்தை நிறுத்திவிடுவார்கள். நோய் திரும்ப வரும். அப்படி நிறுத்தாமல் இருக்க உணவில் வழி சொல்லலாம். லித்தியம் என்று ஒரு மருந்து உண்டு. அதைச் சாப்பிடுபவர் திடீரென்று உப்பை நிறுத்தினால் ஆபத்து. மருந்து இரத்தத்தில் அளவுக்கு மேல் சேர்ந்துவிடும். இதெல்லாம் தெரியாமல் "உப்பை விடு" என்று யோசனை சொல்லக் கூடாது. இதற்குத்தான் படிப்பு.

இந்த வேலைக்கு வர விரும்பும் டயட்டீஷியன் ஆலோசனை சொல்லும் கலையைத் தனியாகப் படிக்கிறார். காது கொடுத்துக் கேட்பது எப்படி? யாரை எப்போது டாக்டரிடம் அனுப்புவது? கேட்டதை எப்படி இரகசியமாக வைப்பது? இவைதான் அந்தப் பாடம். கல்கத்தா இதற்கு நல்ல ஊர். மனத்தைப் பற்றிய படிப்புக்கு 1916இலேயே இந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரு துறை தொடங்கினார்கள்.

இரகசியம் மிகவும் முக்கியம். தொழிலாளி சொன்னதை மேலாளரிடம் சொன்னால் அவர் வேலை போகலாம். பிறகு ஒருவரும் அந்த அறைக்கு வர மாட்டார்கள்.

வாழைப்பழம் மட்டும் போதுமா?

உலகச் சுகாதார நிறுவனம் ஒரு கணக்குச் சொல்கிறது. மனச்சோர்வாலும் மனப்பதற்றத்தாலும் உலகில் ஓர் ஆண்டுக்கு 1200 கோடி வேலை நாட்கள் வீணாகின்றன. அதனால் பெரிய கம்பெனிகள் இப்போது விழித்துக்கொண்டிருக்கின்றன. டயட்டீஷியனைக் கூப்பிடுகின்றன. யோகா வகுப்பு வைக்கின்றன. பழம் கொடுக்கின்றன.

நல்லதுதான். ஆனால் ஒரு கேள்வி கேட்க வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்கிவிட்டு ஒரு வாழைப்பழம் கொடுத்தால் சரியாகிவிடுமா? எல்லார் முன்னாலும் திட்டிவிட்டு "மூச்சை இழுத்து விடு" என்றால் மனம் ஆறுமா? 2022இல் இதே நிறுவனம் வேலைத்தல மனநலத்துக்கு வழிகாட்டி வெளியிட்டது. தொழிலாளிக்குப் பயிற்சி கொடுத்தால் மட்டும் போதாது, வேலை நிலைமையையும் மாற்ற வேண்டும், மேலாளர்களுக்கும் பயிற்சி வேண்டும் என்று அது சொல்கிறது.

தமிழ்நாட்டில் 2021இல் ஒரு சட்டத் திருத்தம் வந்தது. கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை போட வேண்டும் என்பது அது. ஜவுளிக்கடையில் நாள் முழுவதும் நின்ற பெண்களின் கால் வலிக்கு மருந்து அந்த நாற்காலிதான். நல்ல டயட்டீஷியன் தட்டை மட்டும் பார்க்க மாட்டார். நாற்காலியையும் கடிகாரத்தையும் பார்ப்பார்.

அக்கா இப்போது

அக்கா மருந்து சாப்பிடுகிறார். இரண்டு மாதத்தில் தூக்கம் வந்தது. நாலு மாதத்தில் ஹீமோகுளோபின் 10 ஆனது. இன்னும் 12 ஆகவில்லை. கடனும் தீரவில்லை. ஆனால் வீட்டில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. இரவில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். மகள் போட்ட சட்டம் அது. முதலில் அம்மாவுக்கு ஒரு தட்டு எடுத்து வைத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குப் பரிமாறுகிறாள்.

அலுவலகத்தில் கழிப்பறை இன்னும் திறக்கவில்லை. துப்புரவுப் பெண்கள் பதினோரு பேர் சேர்ந்து ஒரு மனுக் கொடுத்திருக்கிறார்கள். பத்துப் பேர் வங்காளத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அக்கா தமிழில் போட்டார்.

மகள் பன்னிரண்டாம் வகுப்பு தேறினாள். ஊட்டச்சத்துப் பட்டப்படிப்பில் இடமும் கிடைத்தது. சேரும்போது பெற்றோர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். அப்பா காகிதத்தை வாங்கவில்லை. "படிச்சு முடிச்சா வேலை கிடைக்குமா?" என்று என்னிடம் கேட்டார். "உறுதியாகச் சொல்ல முடியாது அண்ணே. ஆனால் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், ஆலை, விடுதி, எல்லா இடத்திலும் இந்த ஆள் தேவை" என்றேன். அவர் பேசாமல் இருந்தார்.

அக்கா பேனாவை எடுத்தார். மெதுவாக எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டார். அவர் காகிதத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

"எழுத்து நல்லாத்தான் இருக்கு" என்றார். மறுநாள் காலை பஸ்ஸுக்குப் பணம் கொடுத்து அனுப்பினார்.

நினைவில் வையுங்கள்

மனம் மிகவும் கஷ்டப்பட்டால், உயிரை விட நினைப்பு வந்தால், 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். இதன் பெயர் டெலி மானஸ். அரசு 2022 அக்டோபர் 10இல் தொடங்கியது. இரவும் பகலும் பேசலாம். காசு இல்லை. தமிழிலும் பேசலாம்.

பேசிப் பார்ப்போம்

1. உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுபவர் யார்? அவருக்கு என்ன மீதி இருக்கிறது?

2. நீங்கள் வேலை செய்யும் இடத்தில் சாப்பிட எவ்வளவு நேரம் விடுகிறார்கள்? தண்ணீரும் கழிப்பறையும் எங்கே இருக்கின்றன?

3. உடம்பு நோய்க்கு டாக்டரிடம் போகிறோம். மன நோய்க்குப் போக ஏன் வெட்கப்படுகிறோம்?

4. ஏழு நாள் சாப்பிட்டதை ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒன்றையும் விடாதீர்கள். ஏழாம் நாள் குடும்பத்தோடு உட்கார்ந்து படியுங்கள்.